விலை சொல்ல ஒரு வாய்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பிடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் இன்று யாராவது கோயில் திருவிழாவுக்கு உறுமி மேளம் பேசப் போனால், முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழும். கறுப்புப் பின்னணியில் வேல், தீப்பிடித்து எரிகிற எழுத்தில் குழுவின் பெயர், அதற்குக் கீழே விலைப்பட்டியல். இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு வெள்ளி. காவடியோடு நடந்தால் இவ்வளவு, கல்யாண வரவேற்பு என்றால் இவ்வளவு. மூடா ஆற்றைத் தாண்டி வந்தால் டோலும் பெட்ரோலும் தனி. முன்பணம் வராத தேதிக்கு ஆள் வரமாட்டார்கள். என் மாமாவின் பேரன் அப்படி ஒரு குழு வைத்திருக்கிறான். அந்தப் பட்டியலில் எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தது நான்தான். அதற்கு அவன் எனக்கு ஒன்றும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமாவும் உறுமி அடித்தவர்தான். எங்கள் ரப்பர் எஸ்டேட் பிடோங்கிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் இருந்தது. விடியுமுன்னே பெரட்டு என்கிற ஆள்கணக்கு, தலைவிளக்கோடு நிரைக்குப் போய் மரம் வெட்டுவது, வெயில் ஏறினதும் மங்கிலிருந்து பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பது. பகல் சாப்பாட்டுக்குள் நாள் சம்பளம் முடிந்துவிடும். மீதிப் பொழுது மாமாவின் சொந்தப் பொழுது. குளித்துவிட்டு, லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் சருகைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் உறுமியின் தோலைக் காட்டுவார். ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிக்க வேண்டும். இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் உறுமல் இருக்கிறது. அழுத்தம் கூடினால் குச்சி தோலைப் பிடித்துக்கொண்டு முனகும், குறைந்தால் வழுக்கி ஓடும். பால்மரத்திலும் அதே கணக்குதான் என்பார். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கூடிப்போய் உளி மரத்தைத் தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுமுறை அங்கே கத்தி ஓடாது, மேற்பார்க்கும் மண்டோர் வாயில் விழ வேண்டும். அவருடைய மணிக்கட்டு காலையில் கம்பெனிக்கும் மாலையில் மாரியம்மனுக்கும் உழைத்தது.

திருவிழா முடிந்ததும் தட்டு வரும். வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, வெற்றிலைக்குள் மடித்து வைத்த சில வெள்ளித் தாள். மாமா அந்த மடிப்பை யார் முன்னாலும் பிரித்துப் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் கள்ளுக்கடையில் யாராவது அவர் கணக்கையும் சேர்த்துக் கட்டுவார்கள். கூலி அவ்வளவுதான்.

கள்ளுக்கடை என்றதும் எங்கள் வட்டாரத்தில் வயதானவர்களுக்கு இன்னொரு கதை ஞாபகம் வரும். யுத்தம் முடிந்த கையோடு, 1946இல், பிடோங் பக்கத்து ஹார்வர்ட் எஸ்டேட்டில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. இளைஞர்கள் சீருடை போட்டுக்கொண்டு கவாத்துப் பழகினார்கள், கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். எஸ்டேட்டில் கொடுக்கிற சம்பளம் எஸ்டேட் கள்ளுக்கடை வழியாகவே திரும்பிப் போகிறது என்பது அவர்கள் கண்டுபிடித்த கணக்கு. மறியல் வேலைநிறுத்தத்தில் போய் முடிந்தது, போலீஸ் வந்தது. 1947 மார்ச் தொடக்கத்தில் கூலிம் பக்கம் டப்ளின் எஸ்டேட்டில் துப்பாக்கிச்சூடு நடந்து ஒரு தொழிலாளி இறந்தார். மாமா அப்போது சிறுவன். கவாத்துக்குத் தப்பு அடித்த ஆட்கள் பின்னால் ஓடியதாகச் சொல்வார். பெரியவனான பின் அவரே கள்ளுக்கடையில் உட்கார்ந்ததைப் பற்றிக் கேட்டால், "அது போராட்டம், இது களைப்பு" என்று முடித்துவிடுவார்.

இப்போது அந்தத் தட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் அதிகமாகவே உருகுகிறார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே குடும்பம், காசுக்காக யாரும் எதுவும் செய்ததில்லை, கலை தெய்வத்துக்கு என்றெல்லாம் மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை. மாமா விலை சொல்லாததற்கு உறவு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை மேடையில் சொல்ல மாட்டார்கள். மேளக்காரன் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியவன் என்பது கப்பலில் எங்களோடு வந்த பழக்கம். தட்டை நீட்டியவர் நின்றுகொண்டு நீட்டினார், மாமா குனிந்து வாங்கினார். ஒரே லயம், ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே பெரட்டு. ஆனாலும் அந்தக் குனிவு இருந்தது. அவர் வாயைத் திறந்து "இவ்வளவு கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் தொகையைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள், கேட்டதைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.

என் சின்னம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு வேறு சிக்கல். தவணைக்கு வாங்கிய சிங்கர் தையல் மெஷினை லயத்து முன்வாசலில் போட்டிருந்தார். மரம் வெட்டிவிட்டு வந்து தைப்பார். தீபாவளிக்கு முந்திய மாதம் மெஷின் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம். எஸ்டேட் கரண்ட் நின்ற பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. துணியைக் கையில் வாங்கும்போதே அவர் விரல்கள் அதன் இழையோட்டத்தைத் தடவிப் பார்க்கும். கவுன் தைத்து மிஞ்சிய துண்டில் எங்களுக்குப் பை, தலையணை உறை, ஒரு தடவை பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்குச் சட்டைகூட. அந்த வேலையில் அவருக்கு அப்படி ஓர் ஆசை.

"எவ்வளவுக்கா?" என்று யாராவது கேட்டால், "நம்ம வீட்டுப் புள்ளைதானே, இருக்கட்டும்லா" என்பார். அவர்களும் இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். மறுநாள் முருங்கைக்கீரை வரும், இரண்டு முட்டை வரும், சில வீடுகளிலிருந்து ஒன்றும் வராது. நூலும் பித்தானும் சீனன் கடையில் காசு கொடுத்து வாங்கியவை. சித்தப்பா சம்பளத்தில் அது போகும். இந்தக் கணக்கைச் சித்தப்பா சத்தம் போட்டுச் சொல்வார், சின்னம்மா மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பார்.

அதே ஜனங்கள்தான் அமைச்சர் சம்பந்தன் கேட்டபோது காசு எடுத்துக் கொடுத்தார்கள். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள், லயத்துக் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். நூறு வெள்ளி பங்கு, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அந்தப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எங்கள் கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம். மாமாவும் கட்டினார். பங்குப் பத்திரத்தை முருகன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். தன் நிரையில் நிற்கிற மரத்துக்கு விலை உண்டு, அதைத் தானும் வாங்கலாம் என்று நம்பிய மனிதர், தன் கைவேலைக்கு ஒரு விலை உண்டு என்று நினைக்கவில்லை. யாரும் வந்து மேடை போட்டு அதைச் சொல்லவும் இல்லை.

எண்பதுகளில் எங்கள் எஸ்டேட்டில் பால்மரத்தை வெட்டிச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கை வேண்டாம். பிள்ளைகள் ஏற்கெனவே சுங்கைப்பட்டாணி தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1996இல் கூலிமில் ஹைடெக் பார்க் திறந்ததும் பஸ் பஸ்ஸாக ஆட்களை ஏற்றினார்கள். நானும் அதில் ஏறியவன். லயம் காலியானது. ஆளுக்கு ஒரு தாமான் குடியிருப்பில், மலிவுவிலை வீடு. பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரிந்துகொள்ளவே சில மாதங்கள் ஆகும்.

சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. கிளினிக்கில் நர்ஸ். ஹரி ராயாவுக்கு ஒரு பாஜு கூரோங் தைக்கக் கொண்டுவந்தார். சின்னம்மா அதற்கு முன் பாஜு கூரோங் தைத்ததில்லை. பழையது ஒன்றைக் கேட்டு வாங்கி, தையலைப் பிரித்துப் பார்த்தார். உடம்பை ஒட்டாத வெட்டு, இரண்டு பக்கமும் கீழே விரிகிற பெசாக், அக்குளில் கேக்கேக் என்கிற சிறு சதுரத் துண்டு. கழுத்தைச் சுற்றித் துலாங் பெலுட் என்று ஒரு கைத்தையல் உண்டு, நூல் ஒன்றின் மேல் ஒன்று பின்னிப் போகும். அதில் சின்னம்மா சொக்கிப்போனார். சட்டை முடிந்த அன்று அந்தப் பெண்மணி கேட்டார்: "உப்பா பெராப்பா, காக்?"

"டுவா புலு."

இருபது வெள்ளி. யோசிக்கவே இல்லை. சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனதாகப் பின்னால் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தப் பெண்மணிக்கும் அதில் ஒன்றும் ஆச்சரியம் இல்லை. காசைக் கொடுத்து, நன்றி சொல்லி, அடுத்த வாரம் தங்கையைக் கூட்டிவந்தார். அந்த நர்ஸ் சின்னம்மாவுக்கு மருமகளும் இல்லை, கொழுந்தியாளும் இல்லை. அவருடைய கல்யாணத்தில் சின்னம்மா பந்தி பரிமாறியதில்லை. அதனால் இருபது வெள்ளி வெறும் இருபது வெள்ளியாக இருந்தது. சில வருஷத்தில் நோன்பு மாதம் பிறக்குமுன்பே "இனி ஆர்டர் எடுப்பதில்லை" என்று சொல்ல வேண்டிய நிலை.

தமிழர்கள் விஷயம் அப்போதும் பழையபடிதான் இருந்தது. ரவிக்கை தைக்க வருகிறவர்கள் அத்தை, அண்ணி, எஸ்டேட்டில் பக்கத்து வீட்டுக்காரர். வாய் வராது. கடைசியில் சின்னம்மா ஒரு அட்டையில் விலைகளை எழுதி மெஷினுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். மேலே மலாயில், கீழே தமிழில். யாராவது எவ்வளவு என்று கேட்டால் தலையை நிமிர்த்தாமல் கத்தரிக்கோலால் அட்டையைக் காட்டுவார். என் வாழ்நாளில் நான் பார்த்த வியாபாரத் தந்திரங்களில் அதைவிடச் சிக்கனமானது இல்லை. மனத்துக்குப் பிடித்ததைத் தொழிலாக்கிக்கொள்ளுங்கள் என்று இப்போது வகுப்பு எடுக்கிறார்கள், ஹோட்டல் ஹாலில், மதிய உணவோடு. ஆர்வம், திட்டம், விளம்பரம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். சொந்தக்காரரிடம் விலை சொல்வது எப்படி என்று எந்த வகுப்பிலும் பாடம் இருப்பதாகத் தெரியவில்லை.

மாமாவின் பேரனும் அப்படி ஒரு வகுப்புக்குப் போய் வந்தவன். உறுமி எங்கள் காலத்து நிலைமையில் இல்லை. தொண்ணூறுகளுக்குப் பிறகு எஸ்டேட்டை விட்டு வந்த பையன்கள் அதைத் தாமானுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாத்தா குனிந்து அடித்ததைப் பேரன்கள் நெஞ்சை நிமிர்த்தி அடித்தார்கள். ஒரே நிற டி-சட்டை, ஏழெட்டு உறுமி, பம்பை, தவில், தாளம். சுங்கைப்பட்டாணி சுப்ரமணியர் கோயில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் முதலில் மேளத்தைப் பேசி வைத்துவிட்டுத்தான் விரதம் தொடங்குகிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். எங்கள் பையன் எஸ்.எஸ்.எம்.இல் வணிகப் பதிவு செய்தான். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60. அந்தத் தீப்பிடித்த பெயருக்காக அவன் 60 கட்டினான். பிறகு தெக்குன் நாசியோனலில் இந்தியச் சிறுவணிகர்களுக்கு என்று இருக்கிற ஸ்பூமி கடனுக்கு மனு. பாரத்தில் தொழில் வகை என்று ஒரு கட்டம். பண்பாடு என்று எழுதவா, பொழுதுபோக்கு என்று எழுதவா என்று என்னிடம் போன் போட்டுக் கேட்டான். சேவை என்று எழுது என்றேன்.

வருமானமா? தை, பங்குனி, சித்திரை மாதங்களில் நல்ல வருமானம். மற்ற மாதங்களில் எப்போதாவது ஒரு கல்யாணம். அதனால் கூலிமில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டும் பார்க்கிறான். குழுவில் உள்ள பையன்களும் அப்படித்தான், ஒருவன் லாரி ஓட்டுகிறான், ஒருவன் கிடங்கில். தாத்தா காலையில் கம்பெனிக்கு உழைத்து மாலையில் மேளம் தொட்டார், பேரனும் அதையே செய்கிறான். பட்டியல் ஒன்றுதான் புதுசு.

மாமாவிடம் அந்தப் பட்டியலைப் போனில் பெரிதாக்கிக் காட்டினோம். கடைசிக் காலத்தில் கண் மங்கியிருந்தது. ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முன்பணம் என்ற இடத்தில் நிறுத்தினார். "கொடுக்கலைன்னா?"

"போக மாட்டோம் தாத்தா."

"போக மாட்டியா," என்றார். கேள்வியாகவும் இருந்தது, ரசித்ததாகவும் இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

எழுத்து விஷயத்துக்கு வராமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எனக்குக் கையில் இருந்த ஆசை அதுதான். கெடாவில் எழுதுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. 1950இல் தமிழ் நேசன் பத்திரிகையில் சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். அதில் பாடம் படித்துக் கதை எழுதப் பழகியது ஒரு தலைமுறை. எழுபதுகளில் அதே நேசன் நல்ல சிறுகதைக்குப் பவுன் பரிசு கொடுத்தது. கதைக்குத் தங்கம்! மற்ற நாட்களில் பேர் அச்சில் வருவதுதான் கூலி. 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 ஜனவரியோடு நின்றுபோனது. சுங்கைப்பட்டாணி எழுத்தாளர் சீ.முத்துசாமிக்கு 2017இல் கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். கோ.புண்ணியவான் பள்ளிக்கூடச் சம்பளத்தில் குடும்பம் நடத்தி நாவல் எழுதினார். லூனாசில் பிறந்த ம.நவீன் அந்த ஊரை வைத்து எழுதிய 'பேய்ச்சி' நாவலுக்கு 2020இல் அரசாங்கத் தடை வந்தது. எழுத்தால் வீட்டுக்கடன் கட்டியவர் என்று இவர்களில் யாரையும் சொல்ல முடியாது. காசு பார்த்த ஒரே தமிழ் எழுத்து யு.பி.எஸ்.ஆர். தேர்வுப் பயிற்சி நூல். கட்டுரைத் தொகுப்பு, மாதிரிக் கேள்வி, கருத்துணர்தல். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்ட விலைக்கு வாங்கினார்கள். 2021இல் அந்தத் தேர்வையே அரசாங்கம் எடுத்துவிட்டது.

நான் எழுதியதில் அதிகம் பேர் படித்தது கல்யாண வாழ்த்து மடல்கள். மணமக்கள் பெயரை வரிகளுக்குள் கோத்து, ரோஜாப்பூ ஓரம் போட்டு அச்சடித்து, பந்திக்கு முன் மைக்கில் வாசிப்பார்கள். அப்புறம் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள். சுங்கைப்பட்டாணியில் எந்த வீட்டுக்குப் போனாலும் என் எதுகை ஒன்று சுவரில் இருந்து என்னைப் பார்க்கிறது. அச்சகத்துக்காரர் தாளுக்குக் காசு வாங்கினார், சட்டம் போட்டவர் சட்டத்துக்கு வாங்கினார். எனக்குப் பந்தியில் முதல் வரிசை.

2020 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் தொழிலாளித் தம்பதி சுகுவும் பவித்ராவும் தங்கள் அடுப்படியில் போனை வைத்துச் சமையல் வீடியோ போட்டார்கள். எளிய அடுப்படி. சரளமான மலாய். சில மாதத்திலேயே லட்சக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்தார்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள். எங்கள் தாமானில் அதே பிரட்டலை இன்னும் நன்றாகச் சமைக்கிற பெண்கள் இருந்தார்கள், அவர்கள் சொல்லவும் செய்தார்கள். அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். நர்ஸ் பெண்மணியிடம் "டுவா புலு" என்று சின்னம்மா சொன்ன நிமிஷம் எனக்கு அந்த வீடியோவைப் பார்க்கும்போது ஞாபகம் வந்தது.

தமிழில் எழுதுகிறவனுக்கு அந்த மாதிரி அந்நியர் கிடைப்பதில்லை. என் புத்தகத்தை வாங்குகிறவர் எனக்கு ஏதோ ஒரு வகையில் மாமனோ மச்சானோ பழைய ஃபோர்மனோ. எங்கள் நாட்டில் நூல் வெளியீடு நடப்பதைப் பார்த்தால் தெரியும். குத்துவிளக்கு, வரவேற்புரை, பிறகு 'முதல் நூல்' பெறுகிறவர் மேடைக்கு வருவார். அரசியல்வாதி அல்லது தொழிலதிபர். கையில் உறை. உள்ளே எவ்வளவு என்பது அவர் பெருந்தன்மை. அவர் பின்னால் வரிசையாக ஆட்கள், ஆளுக்கொரு உறை. அச்சுக் கூலி அந்த உறைகளில்தான் தேறுகிறது. நின்றுகொண்டு கொடுக்கிறார்கள், எழுத்தாளர் கொஞ்சம் குனிந்து வாங்குகிறார், படம் எடுக்கிறார்கள். அந்தக் குனிவை நான் முன்பு பார்த்திருக்கிறேன்.

என் கட்டுரைத் தொகுப்புக்கும் அப்படித்தான் ஒரு மண்டபத்தில் வெளியீடு வைத்தார்கள். உறைகள் வந்தன. கூட்டம் கரைகிற நேரத்தில் சின்னம்மா, வயது எண்பதை ஒட்டி, கைத்தடியோடு புத்தக மேசைக்கு வந்தார். எவ்வளவு என்று கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குச் சின்னம்மா, சும்மா எடுத்துக்குங்க."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"உங்களால முடிஞ்சத கொடுங்க."

புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். முப்பது வெள்ளி என்று போட்டிருந்தது. "இங்கதான் எழுதியிருக்குல்ல? அப்புறம் என்னா முடிஞ்சது முடியாதது." மணிப்பர்சிலிருந்து ஐம்பது வெள்ளித் தாள் ஒன்றை எடுத்து வைத்தார். நான் அதை உறைகளோடு சேர்க்கப் போனேன். அவர் நகரவில்லை. பின்னால் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். மேசையில் சில்லறை இல்லை, எல்லாம் உறைக்குள் இருந்தது. மாமாவின் பேரன் தன் பாக்கெட்டிலிருந்து இரண்டு பத்து வெள்ளித் தாளை எடுத்து நீட்டினான். சின்னம்மா எண்ணிப் பார்த்துப் பர்சில் போட்டுக்கொண்டு, ரசீது இல்லையா என்று கேட்டார்.